மலைக்குளிரில் சோர்ந்த முயல் குட்டிகளுக்கு

கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் சோவியத் சின்சில்லா இன முயல் வளர்ப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. முயல் குட்டி முடியில்லாமல், கண் மூடியபடி பிறக்கும். தாய் ஈனும் பெட்டிக்கு வெளியே விழுந்துவிட்டால் தாய் அதைத் தூக்கி உள்ளே வைக்காது. நாம்தான் பார்க்க வேண்டும்.

குட்டி சில்லென்று இருந்தால் உடனே பால் புகட்டாதீர்கள், குளிர்ந்த உடம்பில் பால் செரிக்காது. உள்ளங்கையில் பொத்தி வைத்தோ, துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் அருகே கிடத்தியோ முதலில் சூடேற்றுங்கள். தாய் நாளுக்கு ஓரிரு தடவை, சில நிமிடம்தான் பாலூட்டும். குட்டிகளோடு உட்காரவில்லையே என்று பயப்பட வேண்டாம். குட்டியின் வயிறு உருண்டையாக இருந்தால் சரி. ஒட்டிக் கிடந்தால், தாயை மெதுவாகப் பிடித்து அந்தக் குட்டியை மட்டும் முதலில் குடிக்க விடுங்கள். அதே சமயத்தில் ஈன்ற இன்னொரு முயலிடம் சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது. பசும்பாலை நம்ப வேண்டாம். முயல்பாலில் கொழுப்பு அதைவிடப் பல மடங்கு.

அப்புறம் தாய்க்குத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், குறைந்தால் பாலும் குறையும். பனியில் நனைந்த புல்லை உலர்த்திப் போடுங்கள். தாய் தன் உடம்பிலிருந்து பிடுங்கிப் பரப்பிய முடியைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.