மஸ்டாங்குக்குப் புதிய எக்ஸாஸ்ட்: வாங்குவதற்கு முன் காதைத் தீட்டுங்கள்

ஃபோர்டு நிறுவனம் 2024 மஸ்டாங் ஜிடி காரை இரண்டு விதமான எக்ஸாஸ்டோடு, அதாவது எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாய் அமைப்போடு, விற்றது. சாதாரண எக்ஸாஸ்ட் பொருத்திய வண்டிக்கு 480 குதிரைத்திறன். உள்ளே வால்வுகள் திறந்து மூடும் விலை கூடிய எக்ஸாஸ்ட் பொருத்தியதற்கு 486. வித்தியாசம் ஆறே ஆறு. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எக்ஸாஸ்ட் கடைக்குள் நுழைய வேண்டும். அங்கே அட்டைப்பெட்டிகளில் “கூடுதல் திறன்” என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கப்போவது பெரும்பாலும் சத்தத்தைத்தான். அதில் தவறு எதுவும் இல்லை. வி8 எஞ்சின் வாங்குகிறவர்களில் பலர் அதன் முழக்கத்துக்காகவே வாங்குகிறார்கள். ஆனால், சத்தம் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குகிறவருக்கும் திறன் வாங்குகிறோம் என்று நம்பி வாங்குகிறவருக்கும் தேர்வு ஒன்றாக அமையாது.

அமெரிக்காவில் பழைய வண்டிச் சந்தையில் எளிதாகக் கிடைக்கும் 2015–2017 மஸ்டாங் ஜிடியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். 5.0 லிட்டர் ‘கயோட்டி’ வி8 எஞ்சின், 435 குதிரைத்திறன். கமாரோ, சேலஞ்சர் போன்ற மற்ற அமெரிக்கக் கார்கள் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதுதான். அளவுகள் மட்டும் மாறும்.

படி 1: வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது?

எஞ்சினின் இரு பக்கத்திலும் நான்கு நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொரு பக்கத்துப் புகையும் மேனிஃபோல்ட் என்ற குழாய்த் தொகுதியில் சேர்ந்து, நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வழியாகப் பின்னோக்கிப் போகிறது. நடுவில் இடது, வலது குழாய்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் ஓர் இணைப்பும், சில சுருதிகளை மட்டும் அடக்கும் ரெசனேட்டரும் இருக்கின்றன. பிறகு பின் அச்சைத் தாண்டி, சத்தத்தைக் குறைக்கும் இரண்டு மஃப்ளர்கள், கடைசியில் வெளியே தெரியும் குழாய் முனைகள்.

கடையில் மூன்று பெயர்கள் காதில் விழும். மஃப்ளரையும் முனையையும் மட்டும் மாற்றுவது ஆக்சில்-பேக். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் மாற்றுவது கேட்-பேக். மேனிஃபோல்டையே கழற்றிவிட்டு நீளக் குழாய்கள் போடுவது லாங்-டியூப் ஹெடர். முதலாவது ஏறத்தாழ 500 முதல் 1,000 டாலர், இரண்டாவது 1,000 முதல் 2,000. மூன்றாவதில் கூலியும் எஞ்சின் கணினியை மறுசீரமைக்கும் செலவும் சேர்ந்துகொள்ளும். புதிதாகத் தொடங்குகிறவர் மூன்றாவதை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

படி 2: நெடுஞ்சாலைக் கணக்கு

பெரும்பாலான வழிகாட்டிகள் “எந்தச் சத்தம் உங்களுக்குப் பிடிக்கும்?” என்ற கேள்வியில் தொடங்குகின்றன. எந்தச் சத்தத்தை உங்களால் மூன்று மணி நேரம் தாங்க முடியும் என்பதுதான் முதலில் கேட்கவேண்டியது.

எக்ஸாஸ்ட் மாற்றியவர்களில் பலரும் சில மாதங்களில் அதைக் கழற்றி விற்பதற்குப் பெரிய காரணம், காருக்குள் எழும் ஒற்றைச் சுருதி இரைச்சல். கடைக்காரர்கள் இதை ‘ட்ரோன்’ என்பார்கள். வேகத்தை ஒரே அளவில் பிடித்து ஓட்டும்போது அடிவயிற்றில் அதிரும் “ம்ம்ம்ம்” என்ற ஒலி அது. பாட்டின் சத்தத்தைக் கூட்டினாலும் போகாது. பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு பேச முடியாது. வண்டியை விட்டு இறங்கும்போது தலை வலிக்கும்.

எங்கிருந்து வருகிறது இது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு கியர் மேனுவல் மஸ்டாங் ஜிடி, ஆறாவது கியரில் மணிக்கு 70 மைல் வேகத்தில் போகும்போது, எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,900 முதல் 2,100 முறை சுழல்கிறது. பின் அச்சின் பல் விகிதத்தைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும், குறையும். 2,000 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுழற்சிக்கும் நான்கு சிலிண்டர்கள் வெடிக்கின்றன. ஆக, நொடிக்கு 133 வெடிப்புகள். 133 ஹெர்ட்ஸில் ஒரு தாழ்ந்த ஒலி. காருக்குள் அடைபட்ட காற்றும் உலோகத் தகடுகளும் இந்த அளவில் எளிதாக ஒத்ததிரும். அதாவது, நீங்கள் அதிக நேரம் ஓட்டப்போகும் வேகமும் இரைச்சல் மிகுதியாக எழும் வேகமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. வண்டியோடு வரும் தொழிற்சாலை எக்ஸாஸ்டில் பெரிய ரெசனேட்டரும் கனமான மஃப்ளரும் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நல்ல தயாரிப்பாளர்கள் இதற்கு ஒரு தீர்வு வைத்திருக்கிறார்கள். பிரதான குழாயிலிருந்து ஒரு கிளைக் குழாயைப் பிரித்து அதன் மறுமுனையை அடைத்துவிடுவார்கள். அதற்குள் போகும் ஒலி அலை அடைத்த முனையில் மோதித் திரும்பி வரும்போது, எதிர்ப்படும் அலைக்கு நேர்மாறாக இருந்து அதை அழித்துவிடும். கிளையின் நீளம் அழிக்கவேண்டிய அலையின் நீளத்தில் கால் பங்கு இருக்கவேண்டும். சூடான புகையில் ஒலி வேகமாகப் போவதால், 133 ஹெர்ட்ஸுக்கு அது ஏறத்தாழ மூன்று அடி வரும். வடிவத்தைப் பார்த்து ஜே-பைப் என்கிறார்கள். வாங்கப்போகும் எக்ஸாஸ்டின் படத்தில் எங்கும் போகாமல் வளைந்து முடியும் குழாய் ஒன்று தெரிந்தால், அது அலங்காரம் அல்ல. அதைப் பார்த்து மகிழுங்கள்.

தினமும் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிறவராக இருந்தால், ரெசனேட்டரை அகற்றாத ஆக்சில்-பேக், அல்லது கிளைக் குழாய் உள்ள கேட்-பேக். இந்த இரண்டுக்கு வெளியே போகவேண்டாம் என்பதே என் கருத்து. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வண்டி என்றால் உங்கள் விருப்பம்.

படி 3: சட்டமும் பக்கத்து வீடும்

கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டுச் சாலையில் ஓட்டுவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். “நேர்க் குழாய்” போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் பட்டறையிலிருந்து வெளியேறிவிடுங்கள். கேட்-பேக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பதால் இந்தச் சிக்கல் அதில் இல்லை. ஹெடர் போட நினைக்கும் கலிஃபோர்னியாக்காரர்கள், அந்தப் பொருளுக்கு மாநிலக் காற்றுவள வாரியத்தின் அனுமதி எண் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

சத்தத்துக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிஃபோர்னியாவில் கார்களுக்கு வரம்பு 95 டெசிபல். நியூயார்க் 2021இல் இயற்றிய சட்டம் சட்டவிரோத எக்ஸாஸ்டுக்கான அபராதத்தை 1,000 டாலர் வரை உயர்த்திவிட்டது. டெசிபல் எண்களை ஒப்பிடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இருமடங்காகக் கேட்கும். 85க்கும் 95க்கும் இடையே “பத்துதானே” என்று நினைக்கவேண்டாம்.

பிறகு அக்கம்பக்கம். ஃபோர்டின் பொறியாளர் ஒருவரே மஸ்டாங்கை வீட்டு வாசலிலிருந்து பின்னால் எடுக்கும்போது, சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டிலிருந்து போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதன் பிறகுதான் 2018 மாடலில், குறித்த நேரத்தில் அமைதியாகக் கிளம்பும் வசதி வந்தது. வால்வு உள்ள எக்ஸாஸ்டோடு வந்த 2018க்குப் பிந்தைய வண்டி உங்களிடம் இருந்தால், அந்த வால்வு மோட்டார்களை அப்படியே மாற்றிப் பொருத்திக்கொள்ள இடம் தரும் எக்ஸாஸ்டை மட்டுமே வாங்குங்கள். காலை ஐந்து மணிக்கு அதன் அருமை தெரியும்.

படி 4: முழக்கத்தின் குணம்

அமெரிக்க வி8 ஏன் இப்படி உறுமுகிறது? கிராங்க் என்ற எஞ்சினின் சுழல் தண்டு 90 பாகை திரும்பும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் வெடிக்கிறது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் சீரான தாளம். ஆனால் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களை மட்டும் கேட்டால் இடைவெளி 90, 180, 270, 180 என்று ஏறி இறங்குகிறது. மிருதங்கத்தில் வலது கையும் இடது கையும் மாறி மாறி வாசிக்காமல், நடுவே ஒரு கைக்கு இரண்டு அடி அடுத்தடுத்து விழுவதைப் போல. இரு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய் இருப்பதால் இந்த ஏற்ற இறக்கம் கலையாமல் வெளியே வந்து “குபு குபு” என்று கேட்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் நடு இணைப்பைத் தேர்ந்தெடுப்பது எளிது. எச் வடிவ இணைப்பு இரு பக்கத்துப் புகையையும் கொஞ்சமாகவே கலக்கும். உறுமல் கனமாக, பழைய காலத்து மசில் கார் போல நிற்கும். எக்ஸ் வடிவ இணைப்பு நன்றாகக் கலந்துவிடும். தாளத்தின் மேடு பள்ளங்கள் நிரவி, குரல் மேல் சுருதிக்குப் போகும். அதிகச் சுழற்சியில் எக்ஸ் வடிவத்துக்கு ஓட்டமும் சற்று நல்லது. எனக்கு எச் வடிவம்தான்.

ஷெல்பி ஜிடி350 போல அலறவேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. அந்த வண்டியின் 5.2 லிட்டர் எஞ்சினில் கிராங்க்கே வேறு விதம். ஒவ்வொரு பக்கமும் 180 பாகைக்கு ஒருமுறை சீராக வெடிக்கும். அந்தக் குரல் குழாயில் பிறப்பதில்லை, எஞ்சினில் பிறக்கிறது. சாதாரண ஜிடியில் எவ்வளவு செலவழித்தாலும் அது வராது.

மஃப்ளர் பெரும்பாலும் இரண்டு வகை. உள்ளே தடுப்புச் சுவர்கள் வைத்து அலைகளை மோதவிடுவது ஒன்று. ஃப்ளோமாஸ்டர் இதற்குப் பேர்போனது. கரகரப்பான, நெஞ்சில் குத்தும் சத்தம். ஒற்றைச் சுருதி இரைச்சலுக்கான வாய்ப்பும் அதிகம். மற்றொன்று துளையிட்ட நேர்க் குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழையை அடைத்தது. போர்லா, மேக்னாஃப்ளோ இந்த வகையில் பிரபலம். ஓட்டத்துக்குத் தடை குறைவு, சத்தமும் வழவழப்பாக இருக்கும். ஆண்டுகள் போகப் போக இழை தேய்ந்து சத்தம் கூடும்.

படி 5: குழாயின் விட்டம்

“எஞ்சினுக்குப் பின்னழுத்தம் தேவை” என்று பட்டறைகளில் சொல்வார்கள். நம்பவேண்டாம். எஞ்சினுக்குத் தேவை புகையின் வேகம். வேகமாக வெளியேறும் புகை தனக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பகுதியை விட்டுச்செல்கிறது. அது அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்து வெளியேற்ற உதவுகிறது. குழாய் மிகப் பெரிதானால் வேகம் குறைந்து, குறைந்த சுழற்சியில் இழுவை மந்தமாகும். மிகச் சிறிதானால் அதிகச் சுழற்சியில் மூச்சுத் திணறும். இந்த 435 குதிரைத்திறன் எஞ்சினுக்கு இரண்டரை அங்குல இரட்டைக் குழாய் போதும். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் போடும் திட்டம் இருந்தால் மூன்று அங்குலம். கேட்-பேக் மட்டும் மாற்றினால் பொதுவாகக் கிடைப்பது 5 முதல் 15 குதிரைத்திறன். ஓட்டும்போது உங்களால் உணர முடியாது. அதற்கு எஞ்சின் கணினியைத் தொடவேண்டிய அவசியமும் இல்லை.

படி 6: உலோகம்

மிச்சிகன், ஒஹையோ போலக் குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் மாநிலங்களில் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு. டெக்சஸ், அரிசோனா என்றால் 409 ரகமே தாராளம். மேலே லேசாகப் பழுப்பு ஏறும், அவ்வளவுதான். அலுமினியம் பூசிய எஃகு மலிவு, ஆயுளும் குறைவு. கடையில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள்: 409இல் ஒட்டும், 304இல் பெரும்பாலும் ஒட்டாது.

படி 7: கேட்டுப் பார்த்தல்

இணையக் காணொளிகள் பயன்படும், ஆனால் கைப்பேசியின் மைக் உரத்த சத்தத்தை அமுக்கித் தாழ்ந்த ஒலியை விழுங்கிவிடும். ஒரே ஆள் ஒரே மைக்கில் பல எக்ஸாஸ்டுகளைப் பதிவுசெய்த காணொளிகளைத் தேடி, நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். நிறுத்திய வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதித்துக் காட்டும் காட்சிகளைத் தள்ளிவிடுங்கள். காருக்குள் உட்கார்ந்து 70 மைல் வேகத்தில் பேசிக்கொண்டே போகும் காணொளிதான் உங்களுக்கு வேண்டியது; பேசுகிறவர் குரலை உயர்த்துகிறாரா என்று கவனியுங்கள். இதைவிட நல்லது, உள்ளூர் மஸ்டாங் சந்திப்புக்குப் போய் ஒருவரிடம் கேட்டு, பக்கத்து இருக்கையில் ஒரு சுற்றுப் போய்வருவது. மறுக்கமாட்டார்கள். தங்கள் எக்ஸாஸ்டைக் காட்டத்தானே வந்திருக்கிறார்கள்.

படி 8: பொருத்துதல்

ஆக்சில்-பேக்கை வீட்டிலேயே பொருத்தலாம். வண்டி முழுவதுமாக ஆறட்டும். ஜாக்கில் தூக்கியதோடு விடாமல், கட்டாயம் ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுத்தவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். பழைய போல்ட்களுக்கு முந்தைய நாளே துருநீக்கி எண்ணெய் அடித்துவையுங்கள். ரப்பர் தாங்கிகள் கழலாமல் அடம்பிடித்தால் சோப்புத் தண்ணீர் போதும். தொழிற்சாலைக் குழாய் ஒரே துண்டாக இருந்தால் வெட்டவேண்டியிருக்கும். வெட்டுவதற்கு முன் தயாரிப்பாளரின் அளவை இரண்டு முறை சரிபாருங்கள்.

புதிய குழாய்களை எல்லாம் தளர்வாக மாட்டிவிட்டு, பின்னால் பத்தடி தள்ளி நின்று முனைகள் சமமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு முன்னிருந்து பின்னாக கிளாம்ப்களை இறுக்குங்கள். எஞ்சினை முடுக்குவதற்கு முன் ஆல்கஹால் தொட்ட துணியால் குழாய் முழுவதையும் துடையுங்கள். இல்லையென்றால் சூட்டில் உங்கள் விரல் ரேகைகள் எஃகில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். முதல் சில நிமிடங்களுக்குப் புகையும் எண்ணெய் வாடையும் வரும்; தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெய் எரிவதுதான், பயப்படவேண்டாம். கராஜ் கதவு மட்டும் திறந்திருக்கட்டும். இணைப்புகளில் “டிக் டிக்” என்று கேட்டால் அங்கே கசிகிறது என்று பொருள். வண்டி ஆறியதும் கிளாம்பைத் தளர்த்தி, குழாயை நேராக்கி மறுபடி இறுக்குங்கள். நூறு மைல் ஓடியதும் எல்லா கிளாம்ப்களையும் இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள். கழற்றிய பழைய மஃப்ளர்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்குகிறவர் அவற்றைக் கேட்கக்கூடும்.