கை சின்னதா, கித்தார் பெரியதா? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு செய்முறை

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் வீட்டு முன்வாசலில் ஐந்தாறு பிள்ளைகள் கித்தாரோடு உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேர் மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். மீதிப் பேர் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது புதுக் குடியிருப்புக்கு, குடிவந்த வீட்டுப் பிள்ளைகள். போன மாதம் ஒரு அம்மா தன் பதினொரு வயது மகளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார். பிள்ளையைவிடக் கித்தார்ப் பைதான் முதலில் கண்ணில் பட்டது. வந்ததும் மகளின் இடது கையைப் பிடித்து விரித்துக் காட்டினார்.

"மாஸ்டர், பாருங்க, எவ்ளோ சின்னக் கை. இதுக்குக் கித்தார் வருமா? இல்ல, கீபோர்டுல சேத்துவிட்டுடவா?"

"கையை அப்புறம் பார்க்கலாம்மா. முதல்ல கித்தாரைக் குடுங்க."

வாங்கிப் பார்த்தேன். கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகப் பட்டைகளை ஃபிரெட் என்போம். பன்னிரண்டாவது ஃபிரெட் பக்கம் கம்பிக்கு அடியில் ஒரு பென்சிலையே நுழைத்துவிடலாம் போல இருந்தது. நானே பல்லைக் கடித்துக்கொண்டுதான் அழுத்த வேண்டியிருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிச் சிரிப்போம். கித்தார் விஷயத்தில் பல நேரம் கூடம் உண்மையிலேயே கோணல்தான். பாவம், பழி மட்டும் கையின் மேல் விழுகிறது.

கையின் அளவு கொஞ்சம்கூடப் பொருட்டில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நீண்ட விரல் இருந்தால் சில அகலமான கார்டுகள், அதாவது பல சுரங்களைச் சேர்த்து அழுத்தும் பிடிகள், சுலபமாக எட்டும். ராக் கித்தார்க் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குப் பெரிய கை. கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலாக வளைத்து ஆறாவது கம்பியை அழுத்துவார். அது எல்லோருக்கும் வராது. ஆனால் ஜாஸ் கித்தார்க் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1928இல் அவர் குடியிருந்த வண்டி தீப்பிடித்ததில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கிப்போயின. மிச்சமிருந்த இரண்டு விரலை வைத்து அவர் வாசித்த ஜாஸ் சோலோக்களை இன்றைக்கும் பத்து விரல் உள்ளவர்கள் திணறித் திணறிப் பழகுகிறார்கள். நமக்கு இப்போது தேவைப்படுவது ஏழெட்டுத் தொடக்கக் கார்டுகள். அதற்குச் சின்னக் கை போதும். எப்படி என்று வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: எட்டுகிறதா என்று பாருங்கள்

சாண் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. கித்தாரிலேயே வைத்துப் பாருங்கள். கம்பிகளைக் கீழே இருக்கும் மெல்லிய கம்பியிலிருந்து எண்ண வேண்டும். மூன்றாவது கம்பியில் ஐந்தாவது ஃபிரெட்டில் ஆள்காட்டி விரல், ஆறில் நடுவிரல், ஏழில் மோதிர விரல், எட்டில் சுண்டு விரல். ஒவ்வொன்றாக வையுங்கள், முன்பு வைத்ததை எடுக்காமல். நாலும் உட்கார்ந்துவிட்டால் உங்கள் கைக்கு ஒரு குறையும் இல்லை.

ஏன் ஐந்தாவதிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்? ஃபிரெட்டுகள் எல்லாம் ஒரே இடைவெளியில் இருப்பதில்லை. தலைப் பக்கம் அகலமாக இருக்கும். உடல் பக்கம் போகப் போக நெருங்கும். 650 மி.மீ. கம்பி நீளமுள்ள வழக்கமான கிளாசிக்கல் கித்தாரில் முதல் ஃபிரெட்டிலிருந்து நாலாவது ஃபிரெட்வரை ஏறக்குறைய 9.8 செ.மீ. ஐந்திலிருந்து எட்டுவரை 7.7 செ.மீ.தான். இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் சின்னக் கைக்குப் பெரிய விஷயம். புதிதாக வருகிறவர்களை நேராக முதல் ஃபிரெட்டில் கொண்டுபோய் நிறுத்துவது, நீச்சல் தெரியாதவனை ஆழமான பக்கம் இறக்கிவிடுவது மாதிரி.

படி 2: ஸ்கேலை எடுத்துக் கித்தாரை அளங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் கம்பி நீளம். தலைப் பக்கத்தில் கம்பிகள் பதிந்து நிற்கும் சின்னத் துண்டான நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட்வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 650 மி.மீ. பக்கம் வந்தால் முழு அளவுக் கித்தார். 580 பக்கம் வந்தால் முக்கால் அளவு. ஒல்லியான பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைக்கு முக்கால் அளவே சரி. நம் வீடுகளில் பள்ளிச் சீருடையை ஒரு அளவு பெரியதாக வாங்குவோமே, "வளர்ற புள்ள, அடுத்த வருசமும் போடட்டும்" என்று. கித்தாரையும் அப்படி வாங்கிவிடுகிறோம். சட்டை தொளதொளவென்று இருந்தால் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு ஓடாது. கித்தாரை விட்டு ஓடிவிடும்.

எலெக்ட்ரிக் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபெண்டர் வகைகளில் கம்பி நீளம் பெரும்பாலும் 25.5 அங்குலம் இருக்கும், கிப்சன் வகைகளில் 24.75 அங்குலம் அளவில். சின்னக் கைக்குக் குட்டையானதே சுலபம். ஐந்தடி இரண்டங்குல உயரக்காரரான ஏசி/டிசி ராக் குழுவின் ஆங்கஸ் யங் காலமெல்லாம் கையில் வைத்திருப்பது கிப்சன் எஸ்ஜி.

அடுத்து கம்பியின் உயரம். வாசிக்கிறவர்கள் ஆக்‌ஷன் என்பார்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டின் மேல்முனையிலிருந்து கம்பியின் அடிப்பக்கம்வரை எவ்வளவு என்று பாருங்கள். பிள்ளைகளின் பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்யம் விளிம்பிலேயே தொடங்காது, கொஞ்சம் உள்ளே தள்ளித் தொடங்கும். அந்த இடைவெளியைக் கணக்கில் சேர்க்க மறந்து பலர் தப்பாக அளப்பார்கள். இரும்புக் கம்பிக் கித்தாரில் ஆறாவது கம்பி 2.5 மி.மீ., முதல் கம்பி 2 மி.மீ. அளவில் இருந்தால் சுகமாக வாசிக்கலாம். நைலான் கம்பியில் 4, 3 மி.மீ. என்று கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அந்தப் பிள்ளையின் கித்தார் இரும்புக் கம்பிதான். ஆறாவது கம்பி 5 மி.மீ.க்கு மேல் நின்றது.

நம் ஊர் ஈரக் காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. மரம் ஈரத்தைக் குடித்து ஊதும்; மேல்பலகை லேசாக மேடுதட்டும்; உடலில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜும் அதோடு எழும்பிக் கம்பி உயர்ந்துவிடும். மழைக்காலத்தில் கித்தாரைச் சுவரில் சாத்தி வைக்காமல் பையில் போட்டு மூடுங்கள்.

சரி, உயரம் கூடுதல் என்றால் என்ன செய்வது? கம்பியைத் தளர்த்திவிட்டு, பிரிட்ஜில் செருகியிருக்கும் வெள்ளைத் துண்டை, அதாவது சேடிலை, வெளியே எடுங்கள். அதன் அடிப்பக்கத்தில் பென்சிலால் நேர்கோடு போடுங்கள். உப்புத்தாளைச் சமமான தரை ஓட்டின் மேல் விரித்து, சேடிலைச் செங்குத்தாகப் பிடித்து அந்தக் கோடுவரை தேயுங்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் 1 மி.மீ. குறைய வேண்டுமானால் சேடிலில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். ஒரேயடியாகத் தேய்க்காதீர்கள். அரை மில்லி தேய்த்து, போட்டு, கம்பியை ஏற்றிப் பாருங்கள். தேய்த்ததை ஒட்டவைக்க முடியாது. கழுத்தே வில் மாதிரி வளைந்திருந்தால் சேடிலில் கை வைக்காமல், பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

நட்டையும் ஒரு பார்வை பாருங்கள். மூன்றாவது ஃபிரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டுக்கு மேலே கவனியுங்கள். ஒரு காகிதம் நுழையும் அளவு சந்து இருந்தால் போதும். நன்றாகத் தூக்கிக்கொண்டு நின்றால், எஃப் கார்டு வராமல் நீங்கள் அழுவதற்கு அதுதான் காரணம்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குச் சொந்தக் கதை இருக்கிறது. என் முதல் கித்தாரை அப்பா ஈப்போவில் ஒரு கடையில் வாங்கினார். மலாய்க்காரர்கள் கித்தார் கப்போக் என்பார்களே, அந்த மலிவு ரகம். பால்மரம் வெட்டிச் சேர்த்த காசு. கம்பி கத்தி மாதிரி உயர்ந்து நின்றது. "தம்பிக்குக் கை வளரணும்" என்று கடைக்காரர் சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு வருடம் நான் என் கையை நொந்துகொண்டிருந்தேன். கை வளர்ந்தது, கித்தார் மாறவில்லை.

இன்னொன்று: கம்பி வலிக்கிறது என்றால் மெல்லிய கம்பிக்கு மாறுங்கள். இரும்புக் கம்பியில் 12 எண் செட்டை எடுத்துவிட்டு 10 எண் செட் போட்டால் விரலுக்கு இதமாக இருக்கும். நைலான் கித்தாரில் மட்டும் இரும்புக் கம்பியை ஒருபோதும் மாட்டாதீர்கள். அதன் இழுவையைத் தாங்காமல் பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வரும். இரண்டு கித்தார் அப்படிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

படி 3: கட்டைவிரலைக் கீழே இறக்குங்கள்

கை எட்டவில்லை என்று சொல்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் கித்தார்க் கழுத்தை மண்வெட்டிப் பிடியைப் பிடிப்பது மாதிரி பிடித்திருப்பார்கள். கட்டைவிரல் மேலே எட்டிப் பார்க்கும், உள்ளங்கை கழுத்தில் ஒட்டியிருக்கும். இப்படிப் பிடித்தால் சுண்டு விரலுக்கு நீளம் ஏது?

கட்டைவிரலின் சதைப் பகுதியைக் கழுத்தின் பின்பக்கம் நடுவில், நடுவிரலுக்கு நேர் எதிராக வையுங்கள். உள்ளங்கைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு சின்ன எலுமிச்சை உருளும் அளவு இடம் விடுங்கள். இப்போது முதல் படியில் செய்த அதே சோதனையைச் செய்து பாருங்கள். விரல்கள் தாமாகவே விரியும். அந்தப் பிள்ளைக்கு இதைச் செய்ததும் சுண்டு விரல் ஒரு ஃபிரெட் தாண்டி எட்டியது. அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தார்.

மணிக்கட்டு ரொம்ப மடங்கக்கூடாது. அதற்குக் கித்தாரின் தலை மேலே எழும்ப வேண்டும். கிளாசிக்கல்காரர்கள் மாதிரி இடது தொடையில் வைத்து இடது பாதத்துக்கு அடியில் ஒரு செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். தனியாகக் கால்பலகை வாங்கத் தேவையில்லை.

படி 4: தூரத்து விரலை முதலில் வையுங்கள்

சி கார்டை எடுத்துக்கொள்வோம். ஆள்காட்டி விரல் இரண்டாவது கம்பி முதல் ஃபிரெட், நடுவிரல் நாலாவது கம்பி இரண்டாவது ஃபிரெட், மோதிர விரல் ஐந்தாவது கம்பி மூன்றாவது ஃபிரெட். எல்லோரும் ஆள்காட்டி விரலை முதலில் வைத்துவிட்டு மோதிர விரலை இழு இழு என்று இழுப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். மோதிர விரல் முதலில் உட்காரட்டும், அப்புறம் நடுவிரல், கடைசியில் ஆள்காட்டி. பின்பக்கம் மடங்குவது ஆள்காட்டி விரலுக்குச் சிரமமே இல்லை. விரல் ஃபிரெட் இரும்பை ஒட்டினாற்போல், அதற்குச் சற்று முன்னால் விழ வேண்டும். தள்ளி வைத்தால் இரட்டிப்பு பலம் வேண்டியிருக்கும்.

ஜி கார்டுக்கு முழுக் கையையும் விரிக்க வேண்டாம். முதல் கம்பி மூன்றாவது ஃபிரெட்டில் ஒரே விரல். முதல் நாலு கம்பிகளை மட்டும் மீட்டுங்கள். அதுவும் ஜிதான். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

எஃப்புக்குக் குறுக்கு வழி: ஆள்காட்டி விரல் இரண்டாவது கம்பி முதல் ஃபிரெட், நடுவிரல் மூன்றாவது கம்பி இரண்டாவது ஃபிரெட், மோதிர விரல் நாலாவது கம்பி மூன்றாவது ஃபிரெட், முதல் கம்பியை அப்படியே விட்டுவிடுங்கள். இது எஃப் மேஜர் ஏழு. கோயில் பஜனைக்கும் சினிமாப் பாட்டுக்கும் தாராளமாக ஒப்பும். கொஞ்ச நாள் கழித்து ஆள்காட்டி விரலை லேசாகச் சாய்த்து முதல் கம்பியையும் சேர்த்து அழுத்தினால் எஃப் வந்துவிடும்.

படி 5: விரல் தடிப்பாக இருந்தால்

என்னிடம் வருகிற ஒருவர் செம்பனைக் குலை வெட்டுகிறவர். கை முறம் மாதிரி. விரல் காய்த்துப் போயிருப்பதால் கம்பி அவருக்கு வலிக்கவே வலிக்காது. ஆனால் ஒரு கம்பியை அழுத்தினால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து செத்துப்போகும். அவருக்கு நைலான் கித்தாரைக் கொடுத்தேன். நட்டுப் பக்கம் கழுத்தின் அகலம் அதில் 52 மி.மீ., இரும்புக் கம்பிக் கித்தாரில் 43, 44 தான். அத்தோடு ஏ கார்டில் மூன்று விரலை ஒரே ஃபிரெட்டில் நெருக்காமல், ஆள்காட்டி விரல் ஒன்றையே இரண்டாவது ஃபிரெட்டில் படுக்கப் போட்டு நாலு, மூன்று, இரண்டு ஆகிய கம்பிகளை அழுத்தச் சொன்னேன். முதல் கம்பி ஊமையானாலும் பரவாயில்லை. விரல் நுனியால், நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, நட்டக்குத்தாக அழுத்துவது இவருக்கு மற்றவர்களைவிட முக்கியம்.

படி 6: கேப்போ போட்டுக் கித்தாரைச் சுருக்குங்கள்

முழு அளவுக் கித்தாரை ஏற்கெனவே வாங்கியாயிற்று, இன்னொன்று வாங்க வெள்ளி இல்லை என்றால் இது உங்களுக்கு. ஆறு கம்பிகளையும் ஒரு முழுச் சுரம், அதாவது இரண்டு ஃபிரெட் அளவு, கீழே இறக்குங்கள். இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ, அதாவது எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கவ்வி, மாட்டுங்கள். சுருதி பழையபடி நிற்கும். கம்பியின் இழுவை குறைந்து மெத்தென்று இருக்கும். அதிரும் நீளமோ 650இலிருந்து 579 மி.மீ.ஆகச் சுருங்கிவிடும், அதாவது முக்கால் அளவுக் கித்தார். அந்தப் பிள்ளை இப்போது இப்படித்தான் வாசிக்கிறாள்.

தினமும் பத்து நிமிடம், கேப்போ இல்லாமல், ஏழாவது ஃபிரெட்டிலிருந்து நாலு விரலையும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கவிடுங்கள். சுத்தமாகக் கேட்டால் அடுத்த வாரம் ஆறாவதில், அதற்கடுத்த வாரம் ஐந்தாவதில் என்று ஒவ்வொரு ஃபிரெட்டாகத் தலைப் பக்கம் இறங்குங்கள். விரல் நுனி எரிந்தால் பயப்படாதீர்கள், இரண்டு மூன்று வாரத்தில் காய்த்துவிடும். கட்டைவிரலின் அடியோ மணிக்கட்டோ வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு மூன்றாவது படிக்குத் திரும்பிப் போய்ப் பிடியைச் சரிபாருங்கள்.

முதல் ஃபிரெட்டில் நாலு விரலும் உட்காரும் நாள் வந்ததும் கேப்போவைக் கழற்றிவிடலாம். கழற்றிய கையோடு கம்பிகளை ஒரு சுரம் மேலே ஏற்றிவிடுங்கள். போன வாரம் ஒருவன் அதை மறந்துவிட்டு வந்து, "மாஸ்டர், எல்லாரும் என்னைவிட மேல பாடுறாங்க" என்று குறைப்பட்டுக்கொண்டான்.