வன்னியில் காணி பார்க்க வருகிறீர்களா?

வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வன்னியில் குடியிருக்க வருகிறவர்கள் தரகரிடம் வழக்கமாகக் கேட்பது மூன்று: ஏ-9 வீதியிலிருந்து எவ்வளவு தூரம், கிணறு உண்டா, விலை என்ன. இவை பிறகு கேட்க வேண்டியவை. உறுதிக் காணியா (தனியார் உரிமைப் பத்திரம் உள்ளது), பெமிற் காணியா (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது) என்பதை முதலில் கேளுங்கள்.

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களை நம்பி உருவான குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலானவை அரச காணிகள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரமாகவோ அளிப்பாகவோ (நிபந்தனைகளோடு கூடிய அரச உரிமைப் பத்திரம்) கொடுக்கப்பட்டவை. பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமில்லாமல் அவற்றைக் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் செல்லாது; நொத்தாரிசு முத்திரை குத்தியிருந்தாலும் செல்லாது. "இங்கே எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்" என்று சொல்வார்கள். உண்மைதான், வாங்குகிறார்கள். அவர்கள் அந்த வளவிலேயே குடியிருக்கிறார்கள், பிணக்கு வந்தால் மறுநாள் காலை பிரதேச செயலகத்துக்குப் போய்விடுவார்கள். ரொறன்ரோவிலிருந்து அதைச் செய்ய முடியாது.

உறுதிக் காணி என்றாலும் உங்கள் குடியுரிமை குறுக்கே நிற்கும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்றுவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே பிறப்பால் இலங்கையரான ஒருவர் காணி பார்க்கத் தொடங்கும் முன் அந்த விண்ணப்பத்தை முடித்துக்கொள்வது நல்லது. மற்றவர்கள் 99 ஆண்டுகள் வரை குத்தகை எடுக்கலாம். தொடர்மாடி வீடு வாங்கவும் சட்டம் இடம் தருகிறது. மாங்குளத்தில் தொடர்மாடியை எங்கே தேடுவது?

இந்த இடத்தில்தான் "மச்சான் பெயரில் எழுதிவிடுவோம்" என்ற யோசனை வரும். வேண்டாம். மச்சான் நல்லவராகவே இருக்கட்டும். அவர் காலமானால் காணி அவருடைய உரித்தாளிகளுக்குப் போகும். அவர்கள் எல்லாரையும் உங்களுக்குத் தெரியுமா?

விற்பவரின் வீட்டு நிலைமையையும் விசாரியுங்கள். வடபகுதித் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியை விற்கவும் கணவரின் எழுத்துச் சம்மதம் தேவை. பங்குக் காணியென்றால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறையாக அறிவித்தல் கொடுத்தாரா என்று கேளுங்கள். காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளை உங்கள் சட்டத்தரணியே தேடட்டும், விற்பவரின் சட்டத்தரணி வேண்டாம். காட்டோரக் காணி மலிவாக இருந்தால் காரணம் இருக்கும். போர்க்காலத்தில் ஆளில்லாமல் பற்றை மண்டிக் கிடந்த காணிகள் சில இன்று வன இலாகாவின் எல்லைக் கற்களுக்குள் இருக்கின்றன. யானையும் அந்தப் பக்கம்தான் வரும்; தென்னங்கன்று வைக்கும் எண்ணம் இருந்தால் மின்வேலிச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

என் யோசனை, முதல் ஒரு வருடம் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ வாடகைக்கு இருங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள்: வெள்ளம் எதுவரை ஏறியது என்பதை அயல்வீட்டுச் சுவரில் உள்ள மண் கோடு காட்டிவிடும். ஆவணியில் மறுபடி போய்க் கிணற்றை எட்டிப் பாருங்கள். அயல்வீட்டில் தேநீர் கொடுத்தால் குடித்துவிட்டு, தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். வெள்ளைப் படலம் தடிப்பாகப் பிடித்திருந்தால் குடிநீருக்கு வடிகட்டியோ வேறு வழியோ தேவைப்படும்.

காசைக் கையில் கொண்டுவந்து கொடுக்காதீர்கள். வெளிநாட்டவர் என்றால் வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு திறந்து அதனூடாகவே செலுத்துங்கள். பின்னர் விற்றால் பணத்தை வெளியே எடுக்க அந்தப் பதிவு வேண்டும். வாங்குகிறவர் முத்திரைத் தீர்வையையும் ஒதுக்கி வைக்க வேண்டும்: பெறுமதியில் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். உறுதியில் விலையைக் குறைத்து எழுதித் தீர்வையை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால், அந்த ஆளோடு அன்றே பேச்சை நிறுத்திவிடுங்கள்.