செட்டியார் தெருவுக்குப் போகும் சிற்பக் கோப்பு

கொழும்பு செட்டியார் தெருவில் உள்ள நகைப்பட்டறைகளுக்குப் பதக்கங்களைப் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செதுக்கிக் கொடுக்கிறேன். அந்த வடிவம் ரெசின் என்ற பிசினில் முப்பரிமாணமாக அச்சாகி, பத்தரின் பட்டறையில் பொன்னாக வார்க்கப்படும். அச்சுக்குப் பெரும்பாலும் கேட்பது எஸ்டிஎல் (STL) என்ற வகைக் கோப்பு. அதில்தான் நான் அடிபட்டேன்.

எஸ்டிஎல்லில் இருப்பவை மேற்பரப்பை மூடும் முக்கோணங்களும் அவற்றின் இடத்தைச் சொல்லும் எண்களும் மட்டுமே. எண் மீற்றரா மில்லிமீற்றரா என்று கோப்பு சொல்லாது. 30 மில்லிமீற்றர் பிள்ளையார் பதக்கத்தை மீற்றர் கணக்கில் 0.03 என்று ஏற்றுமதி செய்துவிட்டேன். அச்சு மென்பொருள் அதை மில்லிமீற்றராக எடுத்துக்கொள்ள, பதக்கம் தூசியாகிவிட்டது. அச்சிட்டவர் கண்மதிப்பில் பெரிதாக்கியதில் அகலம் 33 ஆனது. எல்லாப் பக்கமும் பத்தில் ஒரு பங்கு வளர்ந்தால் எடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ரெசினை நிறுத்துக் கணக்குப் போட்ட பத்தர் வார்க்காமல் என்னை அழைத்தார்: “தம்பி, ஒரு பவுண் என்றல்லவா சொன்னீர்? இது பத்தரைக் கிராமைத் தாண்டுகிறதே!”

அன்றுமுதல் வேலையைத் தொடங்கும்போதே காட்சியின் அலகை மில்லிமீற்றருக்கும் அலகு அளவுகோலை 0.001க்கும் மாற்றிவிடுகிறேன். பொருளின் அளவு மாற்றத்தை கண்ட்ரோல்-ஏ அழுத்தி நிலைப்படுத்துகிறேன். ஏற்றுமதியானதும் அதே கோப்பை வெற்றுக் காட்சியில் திறந்து அகலத்தைப் படிக்கிறேன். 30 என்று கண்ணால் கண்ட பிறகே அனுப்புவேன். அச்சிடுபவர் 3எம்எஃப் (3MF) வகைக் கோப்பை வாங்குவாரானால் அதையே கொடுங்கள். அது அலகையும் தன்னோடு கொண்டுபோகும்.

மேற்பரப்பைத் தயார்செய்வதை எப்போதும் நகலில் செய்யுங்கள். மேற்பரப்பைப் படிப்படியாக நுணுக்கமாகப் பிரிக்கும் மல்டிரெஸ் கருவியில் செதுக்கியிருந்தால், வியூபோர்ட் (திரையில் காட்டும்) படியைச் செதுக்கிய படிக்கு உயர்த்தி, பிறகு நிலைப்படுத்துங்கள். மறந்தால் துதிக்கையின் மடிப்புகள் மழுங்கிப் போகும். காதும் கொம்பும் தனித்தனித் துண்டுகளாக ஊடுருவி நின்றால் ஒன்றாகச் சேர்த்து, வொக்சல் ரீமெஷ் கொடுங்கள்; அது வடிவத்தைச் சிறு கனசதுரங்களாகக் கணக்கிட்டு ஒரே மேற்பரப்பாக மீண்டும் கட்டும். 30 மில்லிமீற்றர் பதக்கத்துக்கு நான் கனசதுரத்தின் அளவை 0.05 மில்லிமீற்றர் வைக்கிறேன். பிறகு முக்கோணங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் டெசிமேட். பைனரி எஸ்டிஎல்லில் ஒரு முக்கோணத்துக்கு 50 பைட். நாற்பது இலட்சம் முக்கோணங்கள் என்றால் 200 மெகாபைட். அச்சு இயந்திரம் காட்ட முடியாத நுணுக்கத்துக்காக அத்தனை சுமை வேண்டாம். குறைத்த பின் கண், விரல் நகம், முத்து வரிசை மூன்றையும் அருகில் சென்று பாருங்கள். முதலில் சிதைவது அங்கேதான்.

வேறொரு சிற்பிக்குக் கொடுப்பதானால் ஓபிஜே (OBJ) வகைக் கோப்பு நல்லது. மேற்பரப்பின் நாற்கோண வலை அப்படியே நிற்கும். கூடவே வரும், நிறம் முதலியவற்றைச் சொல்லும் எம்டிஎல் (MTL) கோப்பையும் மேற்பரப்பில் ஒட்டும் படங்களையும் விடாமல் சேர்த்து அனுப்புங்கள். வலையின் புள்ளிகளில் பூசிய நிறம் முக்கியமென்றால் பிஎல்ஒய் (PLY) கோப்பு.

வார்ப்பதற்கு முன் நகை அணியப்போகும் பெண்ணின் டொரன்டோச் சித்தி கைபேசியில் திருப்பிப் பார்க்க வேண்டும் என்றால் ஜிஎல்பி (GLB) கோப்பு. நிறமும் படங்களும் ஒரே கோப்பில் அடங்கும். முக்கோணங்களை ஐம்பதாயிரத்துக்குக் குறைத்து, நுணுக்கங்களை நார்மல் மேப்பில், அதாவது மேடுபள்ளம் இருப்பதுபோல் ஒளியால் காட்டும் படத்தில், பதித்து அனுப்புகிறேன். அந்தக் கோப்பை மட்டும் அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள்: திரையில் தெரியும் மடிப்புகள் அதன் வலையில் இல்லை, பொன்னிலும் வராது.