விண்டோஸ் 7 கணினிக்குப் பொருந்தும் பழைய மென்பொருள் வெர்ஷன்களைத் தேடி நிறுவுவது எப்படி?

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் டிடிபி கடைகளுக்குள் போனால் இன்றைக்கும் விண்டோஸ் 7 ஓடும் கணினியைப் பார்க்கலாம். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 மென்பொருள் அதில்தான் இருக்கும். வருடக்கணக்கில் சேர்ந்த கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புக் எல்லாம் பாமினி மாதிரியான, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள்தான் தாறுமாறாகத் தெரியும். ஏற்காட்டு எஸ்டேட் அலுவலகங்களில் காரணம் வேறு. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இருக்கும், அதை மாட்டும் பேரலல் போர்ட் புதுக் கணினியில் இருக்காது. ஜவ்வரிசி ஆலை எடைமேடையைக் கணினியோடு இணைக்கச் சீரியல் போர்ட் என்ற பழைய இணைப்பு வேண்டும். இவர்களிடம் போய் "புதுசு வாங்கிக்கோங்க" என்று சொல்வது பதில் ஆகாது. நன்றாக உழைக்கும் கணினியை இன்னும் சில வருடம் ஒழுங்காக உழைக்க வைக்க முடியும். அதற்கான வழியைத்தான் எழுதுகிறேன்.

சிக்கல் இதுதான். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. எந்த மென்பொருளின் தளத்துக்குப் போய்ப் பெரிய டவுன்லோட் பட்டனை அழுத்தினாலும் ஆகப் புதிய வெர்ஷன்தான் இறங்கும். அது பெரும்பாலும் விண்டோஸ் 10 கேட்கும். நமக்கு வேண்டியது விண்டோஸ் 7-ஐ ஏற்றுக்கொண்ட கடைசி வெர்ஷன். அதற்கு முந்தையதும் வேண்டாம், பிந்தையதும் வேண்டாம்.

படி 1: கணினியின் ஜாதகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

டெஸ்க்டாப்பில் கம்ப்யூட்டர் ஐகான் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போங்கள். மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதுங்கள். விண்டோஸ் பெயருக்குக் கீழே சர்வீஸ் பேக் 1 (மைக்ரோசாஃப்ட் தந்த திருத்தங்களின் தொகுப்பு) என்று இருக்கிறதா, ராம் எவ்வளவு, சிஸ்டம் டைப் என்ற வரியில் 32 பிட்டா 64 பிட்டா. அந்தத் தாளைச் சிபியு பெட்டி மேலேயே ஒட்டி வைத்தால் அடுத்து வருபவருக்கும் உதவும்.

மூன்றாவது விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். டவுன்லோட் பக்கத்தில் 32 பிட், 64 பிட் என்று எப்போதும் நேராக எழுதியிருக்க மாட்டார்கள். எக்ஸ்86 என்று இருந்தால் அது 32 பிட். எக்ஸ்64 என்று இருந்தால் 64 பிட். 86 பெரிய எண்ணாயிற்றே, அதுதான் புதுசாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சில ஃபைல்களில் ஏஎம்டி64 என்று இருக்கும். அதுவும் 64 பிட்தான், இன்டெல் பிராசஸர் உள்ள கணினிக்கும் அதையே போடலாம். சாதாரண மென்பொருளின் 32 பிட் ஃபைல் இரண்டு வகைக் கணினியிலும் ஓடும். ஆனால் விண்டோஸ் அப்டேட்டும், பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் டிரைவரும் உங்கள் விண்டோஸின் பிட்டுக்கே பொருந்த வேண்டும். 64 பிட் ஃபைல் 32 பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது.

படி 2: தேதியைப் பாருங்கள்

இதை ஏன் தனிப் படியாகச் சொல்கிறேன் என்று தோன்றலாம். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் அலுவலகக் கணக்கர், "தம்பி, எந்த சைட் தொறந்தாலும் பாதுகாப்பு இல்லைன்னே வருது, வைரஸ் பூந்துடுச்சு போல" என்றார். திரையின் வலது கீழ் மூலையில் தேதி 2009 ஜனவரி 1 என்று காட்டிக்கொண்டிருந்தது. வைரஸ் எதுவும் இல்லை. மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்க நாள், முடியும் நாள் இரண்டும் உண்டு. கணினி தன்னை 2009-ல் இருப்பதாக நினைத்தால் இன்றைய சான்றிதழ் எதையும் ஏற்காது.

பேட்டரியின் பெயர் சிஆர்2032. கைக்கடிகாரக் கடைகளிலேயே கிடைக்கும், விலையும் குறைவு. கரன்ட்டை அணைத்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, பழையதை எடுத்துப் புதியதை எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். அப்புறம் தேதி, நேரம், இந்திய நேர மண்டலம் மூன்றையும் சரிசெய்யுங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடுவது உண்டு.

படி 3: திரும்பிப் போக வழி

முக்கியமான ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். டிடிபி கடை என்றால் எழுத்துருக்கள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு பிராப்பர்ட்டீஸ் பக்கத்தின் இடது ஓரத்தில் சிஸ்டம் புரொடெக்‌ஷன் போய் ஒரு ரெஸ்டோர் பாயின்ட் உருவாக்குங்கள். ஏதாவது கெட்டால் விண்டோஸை இப்போதைய நிலைக்குத் திருப்ப அது உதவும்.

படி 4: அடித்தளத்தைச் சரிசெய்யுங்கள்

சர்வீஸ் பேக் 1 இல்லாவிட்டால் வேறு எதையும் தொட வேண்டாம், முதலில் அதைப் போடுங்கள். 2011-ல் வந்தது அது. அதற்குப் பிந்தைய மென்பொருள்களில் பெரும்பாலானவை அது இருப்பதாக வைத்துக்கொண்டே எழுதப்பட்டவை.

அடுத்து மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் என்ற தளத்தில் எண்ணைக் கொடுத்துத் தேடிச் சில அப்டேட்களை இறக்குங்கள். முதலில் கேபி4490628, அதன்பின் கேபி4474419. இந்த வரிசை மாறக் கூடாது. 2019-ல் வந்த இவை இரண்டும் ஷா-2 என்ற புதிய டிஜிட்டல் கையெழுத்து முறையை விண்டோஸ் 7-க்குப் புரிய வைக்கின்றன. இவை இல்லாவிட்டால் சரியான நிறுவனம் வெளியிட்ட டிரைவரைக்கூட விண்டோஸ் நம்பாது. மூன்றாவது கேபி2999226. மென்பொருளைத் திறக்கும்போது "ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி" என்று தொடங்கும் டிஎல்எல் (மென்பொருள்களுக்குத் தேவைப்படும் துணை) ஃபைல் காணவில்லை என்று வருகிறதே, அதற்கு மருந்து இதுதான். அந்த ஒரு டிஎல்எல்லை மட்டும் ஏதோ ஒரு தளத்தில் இருந்து இறக்கி ஒட்டச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த ஃபைலை யார் செய்தார்கள், உள்ளே என்ன வைத்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

படி 5: எந்த வெர்ஷன்?

பிரவுசரில் தொடங்கலாம். விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசி குரோம், வெர்ஷன் 109. 2023 ஜனவரியில் வந்தது. ஆனால் கூகுள் பழைய குரோம்களைப் பொதுமக்கள் இறக்கிக்கொள்ளும்படி வரிசையாக வைப்பதில்லை. அதனால் நான் ஃபயர்ஃபாக்ஸையே சொல்வேன். விண்டோஸ் 7-க்கு அதன் கடைசி வெர்ஷன் 115 இஎஸ்ஆர். இஎஸ்ஆர் என்றால் நீண்ட காலம் திருத்தம் கிடைக்கும் வரிசை. 2023 ஜூலையில் வந்த இந்த வரிசைக்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவதை நிறுத்தும் தேதியை மொசில்லா பல முறை தள்ளிப்போட்டது. தன் பாதுகாப்புச் சான்றிதழ்ப் பட்டியலை ஃபயர்ஃபாக்ஸ் தனக்குள்ளேயே வைத்திருக்கும், விண்டோஸிடம் இருக்கும் பழைய பட்டியலை நம்பி இருக்காது. பழைய கணினிக்கு இது பெரிய வசதி.

இலவச ஆஃபீஸ் மென்பொருளான லிப்ரே ஆஃபீஸில் 25.2 வரிசை வரை போகலாம், 25.8-ல் விண்டோஸ் 7-ஐ விட்டுவிட்டார்கள். நிறுவும்போது கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் மெனுவும் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு 2016 தான் எல்லை, 2019-க்கு விண்டோஸ் 10 வேண்டும். படம் திருத்த கிம்ப் 2.10, 3.0 அல்ல. வீட்டில் பிளஸ் டூ பிள்ளைகள் பைத்தான் படிக்கிறார்கள் என்றால் 3.8.10 போடுங்கள், 3.9 ஏறாது. வீடியோ பார்க்கும் விஎல்சி 3, ஃபைல்களைச் சுருக்கி விரிக்கும் 7-ஜிப் இரண்டுக்கும் கவலையே வேண்டாம், எக்ஸ்பி வரைக்கும் ஓடும்.

இந்தப் பட்டியலில் இல்லாத மென்பொருள் என்றால் நீங்களே கண்டுபிடிக்கலாம். அதன் அதிகாரபூர்வத் தளத்தில் சிஸ்டம் ரிக்வயர்மென்ட்ஸ் பக்கத்தைத் திறங்கள். விண்டோஸ் 10 என்று இருந்தால் ரிலீஸ் நோட்ஸுக்குப் போய், விண்டோஸ் 7 ஆதரவு நீக்கம் என்ற செய்தி எந்த வெர்ஷனில் முதலில் வருகிறது என்று பின்னோக்கிப் பாருங்கள். அதற்கு ஒரு படி முந்தியதுதான் உங்களுடையது.

படி 6: எங்கிருந்து இறக்குவது?

செய்தவர்களின் சொந்தக் காப்பகத்தில் இருந்து மட்டும். மொசில்லாவுக்கு ரிலீசஸ் என்ற ஃபோல்டர் உண்டு. அதில் 115-ல் தொடங்கி இஎஸ்ஆர் என்று முடியும் ஃபோல்டர்களில் ஆகப் பெரிய எண்ணைத் திறங்கள். உள்ளே வின்32, வின்64 என்று பிரித்திருப்பார்கள். அதற்குள் மொழிவாரியாக ஃபோல்டர்கள், தமிழுக்கும் ஒன்று. லிப்ரே ஆஃபீஸ், பைத்தான், கிம்ப், விஎல்சி எல்லாவற்றுக்கும் இதே மாதிரி பழைய வெர்ஷன் கிடங்கு இருக்கிறது. ஒரே பக்கத்தில் நாலு பச்சை டவுன்லோட் பட்டன் மினுக்கும் தளத்தைப் பார்த்தால் உடனே மூடிவிடுங்கள்.

மலையில் சிக்னல் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. லிப்ரே ஆஃபீஸ் மட்டுமே 300 எம்பிக்கு மேல். சேலத்துக்கு இறங்கும் நாளில் நல்ல இணைப்புள்ள கணினியில் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு மேலே போவது நல்லது. அப்படிப் போகிறவர்கள் கிளம்பும் முன் படி 1-ல் எழுதிய தாளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 64 பிட் ஃபைலோடு மேலே போய்விட்டு, அங்கே கணினி 32 பிட் என்று தெரிந்தால் இருபது கொண்டை ஊசி வளைவையும் மறுபடி இறங்க வேண்டும்.

படி 7: சரிபார்த்து நிறுவுங்கள்

7-ஜிப்பை முதலில் நிறுவுங்கள். பிறகு இறக்கிய ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்தால் சிஆர்சி ஷா என்ற மெனு தெரியும். அதில் ஷா-256-ஐ அழுத்தினால் நீளமான எழுத்து வரிசை ஒன்று வரும். காப்பகத்தில் அதே ஃபைலுக்குக் கொடுத்திருக்கும் வரிசையோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். பாதியில் அறுந்த டவுன்லோடும் இதில் மாட்டிக்கொள்ளும்.

நிறுவும்போது இந்த ஃபைல் உங்கள் விண்டோஸ் வெர்ஷனுக்குப் பொருந்தாது, எக்ஸ்86 வேண்டுமா எக்ஸ்64 வேண்டுமா என்று பாருங்கள் என ஆங்கிலத்தில் செய்தி வந்தால் பிட் மாறிவிட்டது. என்ட்ரி பாயின்ட் நாட் ஃபவுண்ட் என்றும் கெர்னல்32 என்றும் வந்தால், அந்த மென்பொருள் கேட்கும் ஒரு வசதி விண்டோஸ் 7-க்குள் இல்லவே இல்லை என்று பொருள். மல்லுக்கட்ட வேண்டாம், இன்னும் பழைய வெர்ஷனுக்குப் போங்கள். பிராப்பர்ட்டீஸில் இருக்கும் கம்பாட்டிபிலிட்டி மோடு இதற்கு உதவாது. பழைய மென்பொருளைப் புதிய விண்டோஸில் ஓட்டத்தான் அது.

படி 8: தானியங்கி அப்டேட்

கிம்ப், லிப்ரே ஆஃபீஸ் போன்றவற்றில் புதிய வெர்ஷன் தேடும் டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கடையில் யாராவது அப்டேட் கேட்டதும் ஓகே கொடுத்துவிடுவார்கள். ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆரில் மட்டும் அப்டேட்டை நிறுத்தாதீர்கள். அது அதே வரிசைக்குள் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும்தான் கொண்டுவரும்.

பிரவுசர் என்னதான் சரியாக ஓடினாலும் அடியில் இருப்பது திருத்தம் நின்றுபோன விண்டோஸ். வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி, யுபிஐ எதையும் அதில் திறக்க வேண்டாம், அதற்கு உங்கள் செல்போனே மேல். டிடிபி வேலைக்கு இணையம் தேவையில்லை என்றால் வேலை நேரத்தில் நெட் ஒயரைக் கழற்றியே வையுங்கள்.

எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கு

எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-லேயே முடிந்துவிட்டது. மேலே சொன்ன அதே முறைதான், எண்கள் மட்டும் மாறும்: ஃபயர்ஃபாக்ஸ் 52 இஎஸ்ஆர், குரோம் 49, லிப்ரே ஆஃபீஸ் 5.4, பைத்தான் 3.4. சர்வீஸ் பேக் 3 கட்டாயம். ஆனால் அந்த பிரவுசர்களில் இன்றைய தளங்கள் பல சரியாகத் திறக்காது, திறந்தாலும் ஆபத்து. எடைமேடைக் கணினி எக்ஸ்பி என்றால் அதை இணையத்தில் சேர்க்கவே வேண்டாம். எடைக் கணக்கை எடுக்கத் தனியாக ஒரு பென் டிரைவ் வையுங்கள். வேறு கணினியில் செருகிய ஒவ்வொரு முறையும் வைரஸ் சோதனை செய்த பிறகே அதை எடைமேடைக்குத் திரும்பக் கொண்டுபோங்கள்.