சிப்பி டாலர் வச்ச பாசிமாலை: முதல் தடவை கோர்க்கிறவங்களுக்கு

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் பக்கம் போனா கடைக்கு கடை சங்கு மாலை, சோழி மாலை, ஸ்படிகம்னு சரம் சரமா தொங்கும், ஆனா எல்லாம் அதே ரெண்டு மூணு டிசைன்தான். நமக்கு புடிச்ச கலர்ல, நம்ம கழுத்துக்கு தகுந்த நீளத்துல வேணும்னா நாமளே கோர்த்துக்க வேண்டியதுதான். ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. இங்க சொல்லப்போறது 18 இஞ்ச் மாலை, நடுவுல ஒரே ஒரு சிப்பி டாலர், ரெண்டு பக்கமும் ஒரே சைஸ் பாசி, அம்புட்டுதான். இதை ஒழுங்கா முடிச்சிட்டா ரெண்டு சரம் மூணு சரம்லாம் தானா வரும்.

என்னென்ன வேணும்னா, 8 எம்எம் பாசி 52 (உடையுறது ஓட்டை அடைச்சதுன்னு வரும், 60 வாங்கிருங்க), 3 எம்எம் குட்டி மணி ரெண்டு, நைலான் பூசின ஸ்டீல் கம்பி 0.38 எம்எம் கனத்துல ரெண்டு அடி, 2 எம்எம் கிரிம்ப் மணி (கொறடால அழுத்தினா நசுங்கி கம்பியை கெட்டியா புடிச்சுக்கிற குட்டி உலோக மணி) ரெண்டு, ஒரு கொக்கி, வளையம் நாலஞ்சு, அப்புறம் மூக்கு தட்டையா இருக்க சின்ன கொறடு ஒண்ணு, கம்பி வெட்ட ஒரு கட்டர். ராம்நாடு அரண்மனை பக்கம் ஃபேன்சி ஸ்டோர்ல கேட்டுப்பாருங்க, இல்லன்னா ஆன்லைன். பாசி மட்டும் வேணும்னா பழைய மாடல் மாலை ஒண்ணை வாங்கி பிரிச்சிடுறது இன்னும் சீப்பா முடியும்.

நம்ம ஊர்ல எல்லார் வீட்லயும் தங்கூசி நரம்பு (மீன் பிடிக்கிற நைலான் நரம்பு) கிடக்கும், அதுலயே கோர்த்துடலாமேன்னு கை போகும். பழகுறதுக்கு அது போதும், ஆனா போட்டுக்கிற மாலைக்கு வேணாம், ஏன்னா கனமான பாசி போட்டா அது மெல்ல மெல்ல இழுபட்டு நடுவுல இடைவெளி தெரிய ஆரம்பிக்கும், முடிச்சும் வழுக்கும், வெயில் பட்டு பட்டு ஒருநாள் பட்டுனு விட்டுரும். அதே மாதிரி கொக்கியும் வளையமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்லயே வாங்குங்க. கோல்டு கலர் பூசினதுலாம் இந்த உப்புக்காத்துல சீக்கிரமே கருத்து பச்சை பிடிச்சிரும், கழுத்துலயும் கறை ஒட்டும்.

இப்போ சிப்பி. அரியமான் மாதிரி கரையில அலை ஒதுக்கிப் போட்டதுல தேடுங்க, மட்டி ஓடு நிறைய கிடக்கும். அதுல சிலதுல மேல் கூம்பு பக்கத்துல அளவெடுத்து போட்ட மாதிரி வட்டமா ஒரு ஓட்டை இருக்கும், கையில எடுத்து பாத்தீங்கன்னா வெளிப்பக்கம் அகலமா உள்ள போகப்போக குறுகலா சரிஞ்சு இருக்கும். அது ஒரு வகை கடல் நத்தை பண்ற வேலை, மட்டியை புடிச்சுக்கிட்டு அமிலத்தை விட்டு மேல் ஓடு இளகினதும், நாக்குல இருக்க பல்லால சுரண்டி சுரண்டி துளை போட்டு உள்ள இருக்க சதையை தின்னுட்டு போயிரும். நமக்கு டிரில் வேலை மிச்சம். அந்த மாதிரி கிடைச்சா விடாதீங்க.

ஆனா காலி ஓடு மட்டும்தான் எடுக்கணும். சங்கு, சோழின்னா உள்ள துறவி நண்டு குடியிருக்கான்னு திருப்பி பாருங்க, இருந்தா அங்கேயே விட்டுருங்க. பவளப்பாறை துண்டு அழகா இருக்குன்னு எடுத்துட்டு வராதீங்க, கரையில ஒதுங்கி கிடந்தாலும் சரி, 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல அதுக்கு பாதுகாப்பு இருக்கு, சில பெரிய சங்கு வகைக்கும் அப்படித்தான். மன்னார் வளைகுடா பூங்காவுல வர்ற 21 தீவு பக்கம் போய் பொறுக்குற யோசனையே வேணாம். பாட்டியோட பல்லாங்குழி சோழியில கை வைக்கிறது சட்டப்படி தப்பில்ல, வீட்ல நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல.

எடுத்துட்டு வந்த சிப்பியை நல்ல தண்ணியில ரெண்டு நாள் ஊறப்போட்டு, தண்ணியை மாத்தி மாத்தி விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால தேய்ங்க. வினிகர், எலுமிச்சை எதுவும் கூடாது, சிப்பி சுண்ணாம்பு சத்துதானே, புளிப்பு பட்டா கரைஞ்சு பளபளப்பே போயிரும். காஞ்சதும் கலர் இல்லாத நெயில் பாலிஷ் ஒரு கோட் அடிச்சா ஈரத்துல இருந்தப்போ தெரிஞ்ச கலர் திரும்ப வரும்.

இயற்கையா ஓட்டை இல்லாத சிப்பின்னா, துளை போடுற இடத்துல செல்லோடேப் ஒட்டி (பிட் வழுக்காது), கீழ மரக்கட்டை வச்சு, 1.5 எம்எம் பிட்ல மெதுவா போடுங்க, அழுத்தாதீங்க. சொட்டு சொட்டா தண்ணி விட்டுட்டே போடணும், அந்த தூள் மூச்சுல போனா நல்லதில்ல, மாஸ்க்கும் போட்டுக்கங்க. தண்ணி இருக்கறதால கரண்ட் டிரில் வேணாம், கையால சுத்துற சின்ன டிரில் போதும்.

கோர்க்க உக்காருறதுக்கு முன்னாடி ஃபேனை ஆஃப் பண்ணிட்டு சுளகுல ஒரு துண்டை விரிச்சு, அதுல மொத்த மாலையையும் அடுக்கி பாருங்க. இதை விட்டுட்டு நேரா கம்பியில ஏத்துறவங்கதான் பாதியில உருவி திரும்ப கோர்ப்பாங்க. நடுவுல இருந்து ஆரம்பிங்க, வளையம் மாட்டின சிப்பி, அதுக்கு ரெண்டு பக்கமும் 3 எம்எம் மணி ஒண்ணொண்ணு, அப்புறம் பக்கத்துக்கு 26 பாசி. கொக்கியோட சேத்து கிட்டத்தட்ட 18 இஞ்ச் வந்துரும். 6 எம்எம் பாசின்னா ஒரு இஞ்சுக்கு நாலு, 8 எம்எம்னா மூணுன்னு கணக்கு வச்சுக்கலாம். சிப்பியை நேரா கம்பியில கோர்க்காதீங்க, ஓட்டை ஓரம் கத்தி மாதிரி இருக்கும், கம்பி மேல இருக்க நைலானை அறுத்துரும், அதுக்குத்தான் வளையம். கலர் என்னோட டேஸ்ட்ல ரெண்டு போதும், மூணாவது கலர் வந்தாலே சிப்பி கண்ணுல படாது. வைகை கடல்ல சேர்ற இடத்துகிட்ட அழகன்குளத்துல தோண்டினப்போ ரோமானிய காசு, பானை ஓடோட மணிகளும் கிடைச்சிருக்கு, அப்பவே நம்ம பக்கம் இந்த ஆசை இருந்திருக்கு.

அடுத்து முக்கியமான இடம், மாலை அறுந்தா பெரும்பாலும் இங்கதான் அறும். கம்பி நுனியில ஒரு கிரிம்ப், அப்புறம் ஒரு வளையம், அப்புறம் அதே நுனியை திருப்பி கிரிம்ப்குள்ள விட்டு ஒரு இஞ்ச் வால் விடுங்க. வளையத்தை சுத்தி சின்னதா ஆட்டம் இருக்கணும், இறுக்கி ஒட்டி வச்சா அங்கேயே தேஞ்சு விட்டுரும். கிரிம்ப்குள்ள ரெண்டு கம்பியும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம பக்கம் பக்கமா இருக்கான்னு பாத்துட்டு கொறடால ஒரே அழுத்தா அழுத்துங்க, இழுத்து பாருங்க, நகர்ந்தா வெட்டிட்டு புதுசு. பாசியை ஏத்தும்போது அந்த வாலையும் முதல் ரெண்டு மூணு பாசிக்குள்ள சேத்து விட்டுருங்க.

இன்னொரு நுனியில கொக்கியை வச்சு அதே வேலைதான், ஆனா அழுத்துறதுக்கு முன்னாடி மாலையை கழுத்துல கிடக்குற மாதிரி வட்டமா வளைச்சு வச்சுக்கங்க. நேரா நீட்டி இழுத்து லாக் பண்ணா, போடும்போது விறைச்சுக்கிட்டு கோணக்கோணயா நிக்கும். ஒரு எம்எம், ரெண்டு எம்எம் லூஸ் இருந்தா சரியா விழும்.

வளையத்தை திறக்கும்போது ரெண்டு நுனியையும் பக்கவாட்டுல அகட்டாம, ஒண்ணை முன்னாடி ஒண்ணை பின்னாடி தள்ளி திறங்க, மூடுறதும் அப்படியே. வேற யாருக்காவது குடுக்கிறதா இருந்தா கொக்கிக்கு எதிர்ப்பக்கம் ரெண்டு இஞ்ச் செயின் ஒண்ணு மாட்டி விட்டுருங்க, கழுத்து அளவு கேக்க வேண்டியதில்ல.