மார்பு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் திருநங்கைகளுக்கு

ஆபரேஷன் நடப்பது மார்பில்தான், ஆனால் அதற்கப்புறம் ஆறு வாரம் அடங்கி இருக்க வேண்டியது கைகள். இதை மட்டும் மண்டையில் ஏற்றிக்கொண்டால் மீதியில் பாதி தானாகப் புரிந்துவிடும். கதவைத் தள்ளுவது, குடம் தூக்குவது, கொக்கி மாட்டக் கையைப் பின்னால் வளைப்பது, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பது, கடை ஷட்டரை இழுப்பது எல்லாவற்றிலும் மார்புத்தசைக்கு வேலை உண்டு. நம்மில் நிறையப் பேருக்கு இம்ப்ளான்டை, அதாவது மார்பைப் பெரிதாக்க உள்ளே வைக்கும் பையை, அந்தத் தசைக்கு அடியில்தான் வைக்கிறார்கள், மேலே திசு மெலிதாக இருந்தால் விளிம்பு வெளியே தெரியும் என்பதற்காக. ஹார்மோன் எடுப்பதற்கு முன்பே வளர்ந்த உடம்பு என்பதால் அந்தத் தசை நமக்குக் கொஞ்சம் பெரிதாகவும் இறுக்கமாகவும் இருக்கும், அதை விலக்கி இடம் பண்ணினால் வலியும் அதற்குத் தகுந்தபடிதான். "அந்த அக்கா மூணாம் நாளே எந்திரிச்சு சமைச்சா" என்று யாராவது சொன்னால், அவளுக்குத் தசைக்கு மேலே வைத்தார்களா கீழே வைத்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

ஜமாத்தில், அதாவது குரு, மகள் என்று உறவுமுறை வைத்து வாழும் நம் திருநங்கைக் குடும்பத்தில், வளர்ந்தவர்களுக்கு நாற்பது நாள் கணக்கு புதிதில்லை. நிர்வாணம் (ஆணுறுப்பை நீக்கும் ஆபரேஷன்) பண்ணிய மகளை நாற்பது நாள் வெளியே விடாமல், கண்ணாடி பார்க்க விடாமல், பத்தியச் சாப்பாடு போட்டு வைத்திருந்து அப்புறம் சடங்கு செய்து அழைத்து வருவது வழக்கம். மார்பு ஆபரேஷனுக்கு அப்படிச் சடங்கு ஏதும் இல்லை, அதனாலேயே இதைச் சின்ன விஷயமாக நினைத்துப் பத்து நாளில் கடை கேட்க, கடைகடையாகக் காசு வாங்க, கிளம்பிவிடுகிறார்கள். அந்த நாற்பது நாளை இங்கேயும் எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டர் சொல்லும் ஆறு வாரத்தோடு அது கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்தும். கூடவே வரும் வெந்நீர் ஊற்றுவது, எண்ணெய் தேய்ப்பது, மஞ்சள் பற்றுப் போடுவது மட்டும் ஆகாது. சூடு வீக்கத்தைக் கூட்டும், ஆறாத தையலில் மஞ்சளும் எண்ணெயும் பட்டால் கிருமி உள்ளே போக வழியாகும், உள்ளே இம்ப்ளான்ட் இருக்கும்போது தொற்று வந்தால் சில சமயம் அதையே எடுத்துவிட வேண்டி வரும். குரு கோபித்துக்கொண்டால் டாக்டர் மேல் பழியைப் போட்டுவிடுங்கள், அவருக்கு ஒன்றும் ஆகாது.

தேதி குறிப்பதற்கு முன்

சித்திரையை ஒட்டித் தேதி வாங்காதீர்கள். அழகர் ஆற்றில் இறங்குவதும் கூவாகம் திருவிழாவும் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டியே வரும், இரண்டிலும் கூட்டத்தில் ஒரு முழங்கை இடி போதும். பின்னாலேயே கத்திரி வெயில். இறுக்கமான சர்ஜிக்கல் பிராவை ராத்திரி பகலாகப் போட்டுக்கொண்டு மதுரை மே மாதத்தில், அதுவும் தகரக் கூரைக்குக் கீழே படுத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். ஐப்பசியிலிருந்து மாசிக்குள் முடித்துக்கொள்வது உடம்புக்கு நல்லது.

ஹார்மோன் ஆரம்பித்து ஒரு வருஷமாவது ஆகியிருக்கட்டும். இயற்கையாக வளர்வது வளர்ந்து தோல் கொஞ்சம் நெகிழ்ந்தால் வடிவம் நன்றாக வரும். மெடிக்கலில் நீங்களாக வாங்கிச் சாப்பிடும் மாத்திரையானாலும் பெயரையும் அளவையும் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும், அதை நிறுத்துவதா தொடர்வதா, எப்போது மறுபடி ஆரம்பிப்பது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். சிகரெட்டை முன்னே நாலு வாரம், பின்னே நாலு வாரமாவது விட்டுவிடுங்கள். ஹான்ஸ் வாயில் அடக்கும் புகையிலைதான், புகை இல்லையே என்று யாரும் வாதம் பண்ண வேண்டாம், நிகோடின் எந்த வழியாக உள்ளே போனாலும் ரத்தக் குழாயைச் சுருக்கும், புண் ஆறாது. ஆஸ்பிரின், புரூஃபென், மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து எது எடுத்தாலும் அதையும் சொல்லிவிடுங்கள். மாத்திரையை நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான், சர்க்கரைக்கும் இதயத்துக்கும் எடுப்பதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டைத் தயார் பண்ணுவது ஒரு சாயங்கால வேலைதான். தினமும் எடுக்கும் எல்லாவற்றையும் பரணிலிருந்தும் தரையிலிருந்தும் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்து வைத்துவிடுங்கள். பாட்டில் மூடி, டப்பா மூடியெல்லாம் லேசாகத் திறந்தே இருக்கட்டும், இறுகிய மூடியைத் திருகும்போதுதான் தெரியும் அந்தத் தசை எங்கே இருக்கிறதென்று. தலைவழியாகப் போடும் உடை ஒன்றும் உதவாது. விளக்குத்தூண் ஜவுளிக்கடைகள் பக்கம் போய் முன்பக்கம் ஜிப் வைத்த காட்டன் நைட்டி நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். தலையணை அழுத்தமாக அடைத்த போடி இலவம்பஞ்சாக இருந்தால் நல்லது, நுரைத் தலையணை முதல் ராத்திரியே அமுங்கிப் போகும்.

ஊர் திரும்புவது

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ பண்ணிக்கொண்டு வருபவர்கள் டாக்டர் பயணத்துக்குச் சரி என்று சொன்ன பிறகே கிளம்புங்கள். ஸ்லீப்பர் பஸ்ஸில் மேல் படுக்கையும் ரயிலில் அப்பர் பெர்த்தும் வேண்டவே வேண்டாம், ஏறுவதற்கே இரண்டு கையாலும் உடம்பை இழுக்க வேண்டும். ரயிலில் லோயர் பெர்த் போட்டு, மணிக்கு ஒருதரம் எழுந்து பெட்டிக்குள் நடங்கள், உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள். ஹார்மோன், ஆபரேஷன், நீண்ட பயணம் மூன்றும் சேர்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து சாதாரண ஆளைவிட நமக்கு அதிகம். பையைத் தூக்க ஒரு ஆள் கூட வரட்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்தோ ஸ்டேஷனிலிருந்தோ வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் இடிபட்டு வராமல் தனி ஆட்டோ பிடித்து, ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

முதல் வாரம்

எழுந்திருக்கும் விதத்தைக் கூட இருப்பவருக்கு முன்னாடியே பழக்கிவிடுங்கள். எல்லாரும் பாசத்தில் கையைப் பிடித்துத்தான் தூக்குவார்கள், அங்கேதான் உயிர் போகும். சரியான முறை இப்படி: இரண்டு முழங்காலையும் மடக்கிக்கொள்ளுங்கள், கைகளை வயிற்றின் மேல் கட்டிக்கொள்ளுங்கள், கூட இருப்பவர் உள்ளங்கையை உங்கள் தோள்பட்டைக்குக் கீழே முதுகில் கொடுத்து மெதுவாகத் தள்ளட்டும், நீங்கள் காலைக் கட்டிலுக்கு வெளியே போட்டு அந்த எடையிலேயே உட்காருங்கள். ஊன்றுவதற்குக் கை வேண்டாம். தரையில் பாய் போட்டுப் படுப்பவர்கள் அந்த ஆறு வாரத்துக்காவது ஒரு கயிற்றுக் கட்டிலைக் கடன் வாங்குங்கள். படுப்பது மல்லாந்துதான், முதுகுக்கு இரண்டு மூன்று தலையணை கொடுத்துத் தலைப்பக்கம் சாய்வாக. ஒருக்களிக்கவும் குப்புறவும் சர்ஜன் சொல்லும்வரை பொறுங்கள்.

வலி மாத்திரையை வலி ஏறிய பிறகு தேடாமல் சீட்டில் எழுதிய நேரத்துக்குப் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: டிரமடால் கலந்த மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் இருக்கும், அதோடு டோலோ 650-ஐயும் தனியாகப் போட்டால் கணக்கு எகிறிவிடும். 24 மணி நேரத்தில் எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டவே கூடாது, குடிப்பழக்கம் இருந்தால் அதைவிடக் குறைவாகவே. டிரமடால் மலத்தைக் கட்டும், முக்கினால் மார்பில் அழுத்தம். கொய்யா, கீரை, நிறையத் தண்ணீர், அதற்கும் அசையாவிட்டால் டாக்டரைக் கேட்டு இசப்கோல். ஜிகர்தண்டா குடிக்கலாமா என்று கேட்பீர்கள், தாராளமாக. சரக்கு மட்டும் வேண்டாம்.

முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் நடக்க வேண்டும், இது படுக்கையிலேயே கிடக்கும் பத்தியம் இல்லை. குளியலுக்கு டாக்டர் அனுமதித்த பிறகும் தண்ணீரை நேராகத் தையலில் ஊற்றாமல் தோளிலிருந்து வழிய விடுங்கள், அப்புறம் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். மார்புக்குக் கீழ் மடிப்பில்தான் வேர்வை தங்கும். பவுடர் போடாதீர்கள், ஃபேன் காற்றில் காயவிட்டு பிராவை மாட்டுங்கள், மாற்றுவதற்கு இரண்டு வைத்திருந்தால் நாளுக்கு ஒன்றாகத் துவைத்துக்கொள்ளலாம். கம்பி வைத்த பிரா ஆறு வாரத்துக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது.

மூன்றாம் நாள் நாலாம் நாள் வாக்கில் காரணமே இல்லாமல் அழுகை வரும். மயக்க மருந்து, தூக்கமின்மை, நிறுத்தி வைத்த ஹார்மோன் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது. வீட்டில் யாரும் பேசாமல் இருந்தால் இன்னும் மோசமாக இருக்கும், ஒரு தோழியை ராத்திரி தங்கச் சொல்லுங்கள். தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அடித்துத் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பெருத்து, கல்லுமாதிரி இறுகி, வலி தாங்க முடியாமல் ஏறினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாளில் இது அதிகம் வரும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சிவந்து சூடாகப் பரவும் தோல், தையலில் சீழ் அல்லது நாற்றம் இருந்தால் அன்றைக்கே டாக்டர். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ 108. மதுரையில் ராத்திரி எத்தனை மணியானாலும் பெரியாஸ்பத்திரி திறந்துதான் இருக்கும். எந்த வார்டு, ஆதாரில் வேறு பெயர் என்று இழுத்தடித்தால், திருநர் என்பதற்காகச் சிகிச்சை மறுப்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டது என்று சத்தமாகவே சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியும் மருந்துச் சீட்டும் போனில் போட்டோவாக இருக்கட்டும், புது டாக்டருக்கு நீங்கள் கதை சொல்வதைவிட அது வேகம்.

வேலைக்குத் திரும்புவது

உட்கார்ந்து பார்க்கும் வேலையென்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் போகலாம். சமையல் மாஸ்டராக இருப்பவர்கள், பிரியாணி அண்டாவைக் கிளறுகிறவர்கள், கரகம் ஆடுகிறவர்கள் ஆறு வாரம் முடித்து சர்ஜனிடம் காட்டிய பிறகுதான். அதுவரை இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம், நிறைந்த குடம் ஒன்றே பத்துக் கிலோவைத் தாண்டும். ஸ்கூட்டி ஓட்ட அவசரப்படாதீர்கள், பிரேக் பிடித்து ஹேண்டிலைத் திருப்பும்போது சுருக்கென்று இழுக்கிறதா என்பது நின்ற வண்டியிலேயே தெரிந்துவிடும். அப்புறம் நம் கைதட்டல். யாரும் எழுதி வைக்காத விஷயம் இது, டாக்டருக்கும் தோன்றாது. கையை விரித்து ஓங்கித் தட்டுவது முழுக்க மார்புத்தசை வேலை. கடை கேட்கப் போனாலும் நாற்பது நாளுக்கு வாயாலேயே கேளுங்கள், தட்டுவதற்கு வேறு மகளைக் கூட்டிப் போங்கள். உறவு வைத்துக்கொள்வதிலும் அதே கணக்குதான், மார்பில் அழுத்தமோ பிடியோ ஆறு வாரத்துக்கு இல்லை என்பதை ஆளிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

வடிவம்

முதல் மாதம் கண்ணாடி பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இரண்டும் கழுத்துக்குக் கீழே ஏறி உட்கார்ந்து, மேலே தட்டையாகவும் கெட்டியாகவும், ஒன்று மேலே ஒன்று கீழே என்று நிற்கும். தசை தளரத் தளர இறங்கி வரும், அதற்கு மூன்றிலிருந்து ஆறு மாதம் எடுக்கும், இரண்டும் ஒரே நாளில் இறங்காது. நம் நெஞ்சுக்கூடு அகலம், காம்புகளுக்கு இடையே தூரமும் அதிகம், அதனால் நடுவில் இடைவெளி கொஞ்சம் இருக்கும். அது ஆபரேஷன் கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. காம்பில் மரத்துப்போனமாதிரியும் நடுநடுவே கரண்ட் அடித்தமாதிரியும் இருக்கும், நரம்பு மாதக்கணக்கில் மெதுவாகத் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் உணர்ச்சி நிரந்தரமாகக் குறையவும் செய்யும். சர்ஜன் சொல்லாமல் மசாஜ் பண்ணாதீர்கள். புது ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க மூன்று மாதமாவது பொறுங்கள், இல்லாவிட்டால் தையல்காரருக்குத்தான் லாபம்.

தழும்பு முதலில் கறுத்தோ சிவந்தோ தடிக்கும், வெளுக்க ஒரு வருஷம்கூட ஆகலாம். புண் முழுக்க மூடிய பிறகு சிலிக்கான் ஜெல் போடலாம். காது குத்தின இடம் கட்டியாகத் தடித்த உடம்பு என்றால் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக இம்ப்ளான்ட் கார்டு. கம்பெனிப் பெயர், சீரியல் நம்பர், சிசி அளவு, மேற்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா என்பதெல்லாம் அதில் இருக்கும். அலர்கன் கம்பெனி தன் பயோசெல் வகைச் சொரசொரப்பு இம்ப்ளான்டுகளை 2019-இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது, அபூர்வமான ஒரு புற்றுநோயோடு தொடர்பு தெரிந்ததால். அப்படி ஒரு செய்தி மறுபடி வந்தால் அது உங்களுடையதா என்று பார்க்க அந்தக் கார்டுதான் கைகொடுக்கும், கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். சிலிக்கான் இம்ப்ளான்ட் உள்ளே சத்தமில்லாமல் கிழியக்கூடும் என்பதால் ஐந்தாறு வருஷத்தில் முதல் ஸ்கேனும், அதற்கப்புறம் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒன்றும் எடுக்கச் சொல்கிறது அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எம்.ஆர்.ஐ.க்குக் காசில்லையென்றால் அல்ட்ராசவுண்டும் போதும், ஆனால் படுக்கும் முன்பே உள்ளே இம்ப்ளான்ட் இருக்கிறதென்று டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள்.